எட்டாம் வார்டு வெளிநடப்பு

போயிருச்சுங்க தம்பி. அந்தா பாருங்க, புழுதிகூட இன்னும் அடங்கல. ஈரோட்டுக்குத்தானே? அடுத்த வண்டி வாரதுக்குச் சித்த நேரமாகும். இப்படி நெழலுக்கு வந்து நில்லுங்க. நான் அந்த வண்டியிலிருந்துதான் எறங்குனேன். எறங்குனேன்னு சொல்லப்படாது. வெளிநடப்புப் பண்ணுனேன்.

சிரிக்காதீங்க. பஸ்சுலிருந்து வெளிநடப்புப் பண்ணப்படாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? மருவாதி இல்லாத எடத்துல நான் நிக்கமாட்டேனுங்க. அது சட்டமன்றமா இருந்தாலும் சரி, டவுன் பஸ்சா இருந்தாலும் சரி. என்னைத் தெரியலீங்களா? புங்கம்புதூர் பேரூராட்சி, எட்டாம் வார்டு கவுன்சிலர் சென்னியப்பன். சுயேச்சை. பூட்டு சாவி சின்னம். ரெண்டு பெரிய கட்சியையும் மண்ணைக் கவ்வ வெச்சவன். ஊருல வெளிநடப்பு சென்னியப்பன்னு சொன்னா நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியுமுங்க. நாய் புடிக்கற வண்டிக்காரனே வணக்கம் வெப்பான்.

இன்னிக்கு ஒரு கண்டக்டரு, மீசை மொளைக்காத பய, என்னைப் பார்த்து "பெருசு"ங்கறான். ஆனா அவனை விடுங்க. அவன் வெளியூர்க்காரன். கூட இருந்தவங்க செஞ்சாங்க பாருங்க ஒரு வேலை, அதைச் சொன்னா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் நாயம் புரியும்.

மன்றக் கூட்டம் மாசம் ஒண்ணு நடக்குமுங்க. அதுல என்ன இருக்கும்னு நெனைக்கறீங்க? தெருவிளக்குக்கு பல்பு வாங்குனது, சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் அடிச்சது, போர் மோட்டார் ரிப்பேரு, சந்தைக் குத்தகை. கிளார்க்கு வாசிப்பான். அவன் வாசிக்கறது அவன் காதுக்கே கேக்காது. எல்லாரும் மேசையைத் தட்டுவாங்க. தட்டிப்போட்டு வடை வந்துருச்சான்னு கதவைப் பாப்பாங்க. அத்தனை பேர்ல எந்திரிச்சுக் கேள்வி கேக்கறவன் நான் ஒருத்தன்தான். கேப்பேன். சரியான பதில் வராது. துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, "எட்டாம் வார்டு மக்கள் சார்பா வெளிநடப்பு!" அப்படின்னு சொல்லிப்போட்டுக் கெளம்பீருவேன்.

எதுக்கெல்லாம் பண்ணுவேன்னு கேளுங்க. வரவேற்புரையில என்ற பேரைக் கடேசியாப் படிச்சதுக்கு ஒருக்கா. பிளீச்சிங் பவுடர் கட்டி கட்டியா இருந்ததுக்கு ஒருக்கா. டீயில ஈ கெடந்ததுக்கு ஒருக்கா. என்ன, சின்ன விசயமா? இன்னிக்கு டீயில ஈ, நாளைக்குக் குடிதண்ணியில என்ன இருக்கும்? யோசிக்கோணுமில்லீங்களா?

ஆனா அதுக்கொரு மொறை இருந்துச்சுங்க. அதைத்தான் இப்ப இருக்கறவங்க தெரிஞ்சுக்க மாட்டீங்கறாங்க. வெளிய வந்தா நேரா எதுத்தாப்புல இருக்கற டீக்கடை பெஞ்சுல உக்காருவேன். டீ ஆறறதுக்குள்ள தலைவரு அர்த்தனாரி, வாட்ச்மேன் காளியப்பனை அனுப்பீருவாரு. "அண்ணா, வாங்கண்ணா, தலைவரு கூப்படறாருங்க. நீங்க இல்லாம கூட்டம் களை கட்டலீங்க"ம்பான். நான் மொகத்தைத் திருப்பிக்குவேன். அவன் போயிட்டு மறுக்கா வருவான். மறுக்கா கூப்ட்டாத்தான் எந்திரிப்பேன். உள்ள போனா தலைவரு சிரிச்சுக்கிட்டே பக்கத்துல உக்கார வெச்சு வடைத் தட்டை நகர்த்துவாரு. அப்பறம் நானும் மேசையைத் தட்டுவேன். கேட்ட கேள்வி என்னாச்சுன்னா? அதை யாருங்க நெனப்புல வெச்சிருந்தா? கூப்ட்டாங்க, போனேன். ரெண்டு பக்கமும் மருவாதி. அர்த்தனாரி எனக்கு எதிரிதான், ஆனா நாலும் தெரிஞ்ச மனுசன்.

அதைக் கெடுத்தது இந்த ஈ.ஓ. அம்மா. செயல் அலுவலருங்க. போன மழையப்பத்தான் புதுசா மாத்தலாகி வந்துச்சு. வந்த அன்னிக்கே எங்க வார்டு ஓடையைப் பாக்கோணும்னு சேலையைத் தூக்கிச் சொருகிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கீருச்சு. எனக்குச் சொல்லலீங்க. கவுன்சிலர் ஒருத்தன் ஊட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன், என்னைக் கூப்படாம ஓடையைப் பாக்கறது என்ன பழக்கம்?

ஓடை சங்கதியைச் சொல்லோணும். எங்க வார்டுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு ஓடை. வெயில் காலத்துல ஆடு மேயும். ஐப்பசி பொறந்து மழை புடிச்சா இடுப்பளவு தண்ணி. பஸ்சு அக்கட்டால, அந்தக் கரையிலேயே திரும்பிக்கும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பையைத் தலையில வெச்சுட்டு நடக்கும். ஆம்புலன்சுக்காரன் அக்கட்டால நின்னுட்டு, "ஆளைத் தூக்கிட்டு வாங்க"ம்பான். போன மழைக்கு ஒரு பெரியவரைக் கட்டலோட தூக்கிட்டுப் போனோம். பாலம் வருது, பாலம் வருதுன்னு ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒருத்தன் வந்து அளந்துட்டுப் போவான். நானும் அதைச் சொல்லித்தான் ஜெயிச்சேன். அதை நான் மறைக்கலீங்களே.

எனக்கும் அதுல சொந்த வலி இருக்குதுங்க தம்பி. என்ற மக கோகிலவாணி. ஒரே புள்ளை. காங்கேயத்துப் பக்கம் கட்டிக் குடுத்திருக்குது. இப்ப நெறமாசம். ஐப்பசியில புள்ளை பொறக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. தலைப்பிரசவம் அம்மா ஊட்டுலதான். அது மொறை. அதுக்கோசரம் என்ற ஊட்டுக்காரி துளசிமணி புது மெத்தை தெச்சு, பழைய சேலையெல்லாம் தொவைச்சுத் தொட்டிலுக்கு மடிச்சு வெச்சுட்டா. நானும் அவளும் இருக்கற ஊட்டுல பேசற சத்தமே இல்லீங்க. அந்தப் புள்ளை வந்தாத்தான் ஊடு ஊடாட்டம் இருக்கும்.

சரி, கூட்டத்துக்கு வாரேன். வைகாசியில ஒரு நாள் ஈ.ஓ. அம்மா என்னைக் கூப்ட்டு, "அண்ணா, உங்க வார்டுப் பாலம் இந்தக் கூட்டத்துல வருது. ஒரே ஒரு பாலத்துக்குத்தான் பணம் இருக்குது. பத்தாம் வார்டும் கேக்குது. உங்க வார்டு வேலை, நீங்க எந்திரிச்சுச் சொல்லோணும். கடேசி வரைக்கும் உக்காந்திருங்கண்ணா"ன்னுச்சு. பாருங்க, எனக்கே பாடம்! கூட்டத்துல எப்படி உக்கார்றதுன்னு எனக்குச் சொல்லிக் குடுக்குது! இருந்தாலும் மகளுக்கோசரம் பொறுத்துக்கிட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, துளசிமணி கையால திருநீறு வாங்கி வெச்சுட்டுத்தான் போனேன்.

போனா, புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கறாங்க. தலைவருக்குச் சுத்தற நாற்காலி. கவுன்சிலருங்களுக்குக் கை வெச்ச நாற்காலி. எட்டாம் வார்டு கவுன்சிலருக்கு மட்டும் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி! கல்யாண மண்டபத்துல பந்திக்குப் போடுவாங்களே, அது! என்னங்க இதுன்னேன். ஒண்ணு கொறைஞ்சுபோச்சு, லோடு வருதுன்னான் கிளார்க்கு. கொறையறது எனக்குத்தான் கொறையோணுமா? ஈ.ஓ. அம்மா தன்ற நாற்காலியைவிட்டு எந்திரிச்சு, "அண்ணா, நீங்க இதுல உக்காருங்க, நான் அதுல உக்காந்துக்கறேன்"னுச்சு. எத்தனை திமிரு பாருங்க! எனக்குப் பிச்சை போடுதா? நான் கேட்டது நாற்காலியா? நாயமுங்க, நாயம்!

துண்டை ஒதறுனேன். "எட்டாம் வார்டு மக்களை அவமானப்படுத்துனதைக் கண்டிச்சு வெளிநடப்பு!" வந்துட்டேன்.

டீக்கடையில உக்காந்தேன். டீ வந்துச்சு, குடிச்சேன். காளியப்பன் வரல. பஜ்ஜி போட்டாங்க, தின்னேன். வரல. இன்னொரு டீ சொன்னேன். டீக்கடைக்காரன் எட்டி எட்டிப் பாத்துட்டு, "என்னங்கண்ணா, இன்னிக்கு லேட்டாகுது"ன்னான். வரும் வரும்னேன். அப்பறம் ஒரு வழியா காளியப்பன் வெளிய வந்தானுங்க. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். பாத்தா, அவன் கதவைச் சாத்திப் பூட்டுப் போடறான். கூட்டம் முடிஞ்சுபோச்சாமா!

"வார்டு உறுப்பினர் அவையில் இல்லாததால் ஒத்தி வைக்கப்படுகிறது." இப்படி எழுதிப்போட்டு, பணத்தைப் பத்தாம் வார்டுக்குத் திருப்பி உட்டுட்டாங்க. ஏண்டா கூப்படலைன்னு காளியப்பன் சட்டையைப் புடிச்சேன். "தலைவரு அனுப்பறேன்னாருங்கண்ணா. ஈ.ஓ. அம்மாதான், வெளிய போறது அவரு உரிமை, திரும்பி வாரதும் அவரு உரிமை, நாம தலையிடப்படாதுன்னுட்டாங்க"ங்கறான். சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாங்கறது இதுதான். ஒரு வார்த்தைங்க தம்பி! ஒரே ஒரு வார்த்தை, "அண்ணா வாங்க"! அதைச் சொல்லியிருந்தா இன்னிக்கு ஓடை மேல பாலம் நின்னிருக்கும். சின்னப் பாலந்தான், மழைக்கு முந்தி முடிச்சிரலாம்னு இஞ்சினியரே சொன்னாரு. இத்தனை ஜனத்தோட பாலத்தை ஒரு பொம்பளையோட கர்வம் கெடுத்துப்போட்டுது. இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

இதுக்கு ஊருல என்ன பேசறாங்க தெரியுமுங்களா? நான் கெடுத்தேனாம்! என்ற வார்டுப் பொம்பளைங்களே குழாயடியில பேசறாங்க. துளசிமணி? அந்த மெத்தையை எடுத்துப் பரண்ல போட்டுட்டா. அவ்வளவுதான்.

போன வாரம் கட்டுச்சோத்து விருந்து. மகளுக்குக் கட்டுச்சோறு கொண்டு போயி, ஒறம்பரை சொந்தபந்தத்தோட விருந்து வெச்சு, அப்படியே ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரது எங்க பக்கத்து வழக்கமுங்க. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு எல்லாம் ஆக்கி வேன் புடிச்சுப் போனோம். மக ரெண்டு கையிலயும் முட்டி வரைக்கும் வளையல். சாமியாட்டம் இருந்துச்சு. பந்தியில பாதி சாப்பாட்டுல சம்மந்தியம்மா வந்து நிக்குது. "சம்மந்தி, கோவிச்சுக்காதீங்க. மழைக்காலத்துல உங்கூருக்கு ஆம்புலன்சு வாராதுன்னு சொல்றாங்க. ராத்திரியில வலி வந்தா என்னங்க பண்றது? வண்டி போற அளவுக்கு ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லுங்க, அடுத்த நிமிசமே கூட்டிட்டு வந்து உடறோம்"னுச்சு.

எலையில தயிரு ஊத்தியாச்சு. அப்படியே எந்திரிச்சுட்டேன். கையைக்கூடக் கழுவல. துண்டு தோள்ல. வாசலைத் தாண்டி ரோட்டுக்கே வந்துட்டேன். கவுன்சிலரைக் கூப்ட்டு வெச்சு ஆம்புலன்சு வாராதுன்னு சபையில சொல்றதா?

அப்ப பின்னால வளையல் சத்தம் கேட்டுதுங்க. கோகிலா. நெறமாசக்காரி, வெறுங்கால்ல, அந்த வெயில்ல, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஓடியாருது. மூச்சு வாங்குது. "அப்பா, வாங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்கப்பா. எனக்கோசரம் வந்து உக்காருங்கப்பா"ன்னுச்சு. கண்ணுல தண்ணி. உடனே திரும்பிப் போயி உக்காந்தேன். தயிர்சோத்தைத் தின்னேன். பாத்தீங்களா, பெத்த புள்ளைக்குத் தெரியுது மொறை. கோவிச்சுட்டு எந்திரிச்சவனைப் பின்னாலயே வந்து கூப்படோணும். படிச்ச ஈ.ஓ.வுக்குத் தெரியலை.

ஆனா புள்ளையைக் கூட்டிட்டு வர முடியலீங்க. வேன் காலியாத்தான் வந்துச்சு. வழி பூரா துளசிமணி சன்னலைப் பாத்துட்டே வந்தா. சோத்துப் பாத்திரம் கடமுடா கடமுடான்னு உருண்டுது. ஆம்பளை, அழுகவா முடியும்?

மறுநாளே துளசிமணி அந்த ஈ.ஓ. அம்மாகிட்டப் போயிட்டா. ஆமாங்க, என்ற எதிரிகிட்ட, எனக்குத் தெரியாம! அந்தம்மா சொல்லியிருக்குது, பாலத்துக்கு இனி அடுத்த வருசந்தான், ஆனா ரெண்டு பெரிய குழாயைப் போட்டு மேல மண்ணடிச்சு வண்டிப்பாதை போட கலெக்டர் நெனைச்சா அவசரமா உத்தரவு போடலாம்னு. திங்கக்கெழமை குறை கேக்கற நாளு, ஜனங்களோட போங்க, வார்டு கவுன்சிலரும் நேர்ல நின்னு சொன்னா எடுபடும்னு. இதை உட்டா மழைக்கு முந்தி வேற திங்கக்கெழமை இல்லீங்க. மழை வந்துரும். இன்னிக்குத்தான்.

காத்தால கெளம்பறப்ப துளசிமணி சொல்றா, "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாயைத் தொறக்காதீங்க. எதுக்கும் எந்திரிக்காதீங்க. கலெக்டர் முன்னால எங்களோட நின்னு, ஆமாங்க ஐயா, பாதை வேணுமுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நம்ம புள்ளை ஊட்டுக்கு வந்துரும்." சரின்னேன். சத்தியமாச் சொல்றேன், நானும் அப்படித்தான் நெனைச்சுட்டு வந்தேன்.

பஸ்சு ஏறுனோம். வார்டுப் பொம்பளைங்க பூரா வந்திருந்தாங்க. பொம்பளைங்களுக்கு ஓசி. எனக்கு டிக்கெட்டு. அதையும் பொறுத்தேன். சன்னலோரம் உக்காந்தேன். நடுவழியில ஒரு கைப்புள்ளைக்காரி ஏறுனா. அந்தக் கண்டக்டரு வந்து, "பெருசு, எந்திரிச்சு அந்தம்மாவுக்கு எடம் குடு, இது லேடீஸ் சீட்டு"ங்கறான். எடம் குடுக்கறது பெருசில்லீங்க. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். "பெருசு"! "குடு"! யாரைப் பாத்துடா? எட்டாம் வார்டு கவுன்சிலர்டா! அதுக்கவன், "எத்தனாவது வார்டா இருந்தா என்ன, ஆஸ்பத்திரியில இருந்து வந்தீங்களா"ங்கறான். வண்டியே சிரிச்சுது. என்ற வார்டுக்காரிகளும் சிரிச்சாளுக.

"நிறுத்துடா வண்டியை!"ன்னேன். நிறுத்துனான். எறங்கிட்டேன்.

எறங்கி, இதா, இந்த ரோட்டுப் பிரிவுலதான் நின்னேன். வண்டி அப்படியே நிக்குது. சன்னல்ல துளசிமணி. என்னைப் பாக்கறா. நானும் பாக்கறேன். எந்திரிச்சு வருவா, இல்லீன்னா கையைக் காட்டிக் கூப்படுவான்னு நெனைச்சேன். இத்தனை வருசத்துல நான் கோவிச்சுட்டுச் சாப்படாமப் படுத்தா, அவளும் சாப்படாம வந்து எழுப்பாம இருந்ததில்லீங்க. மொகத்தைச் சித்த திருப்பிக்கிட்டேன், அவ்வளவுதான். கண்டக்டரே கேட்டான், "ஏங்கம்மா, உங்க ஆளா? ஏத்திக்கலாமா?"ன்னு.

அவ சொல்றா, "விசிலடிங்க தம்பி, நேரமாச்சு."

கோவத்துல கத்தியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. கத்தல. டிக்கெட்டு கேக்கறாப்புல சொன்னா. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாமக் குழியும் பறிச்சுதாம். கட்டுன பொண்டாட்டி! விசிலடிச்சான், போயிருச்சு.

கலெக்டர் முன்னால கவுன்சிலர் இல்லாம என்ன பண்ணுவாளுகளாமா? பாக்கட்டும். அப்பத் தெரியும் என்ற அருமை. தெரியோணும். செல்போனா? சட்டைப் பையிலதான் இருக்குது. சத்தமாத்தான் வெச்சிருக்கறேன். அவ கூப்ட்டா எடுப்பேன். நானாக் கூப்பட மாட்டேன்.

அந்தா, உங்க வண்டி வருது. ஈரோடு போர்டுதான். கையைக் காட்டுங்க, நிறுத்துவான்.

நானா? நான் வரலீங்க. இதுல போனாலும் நேரத்துக்குப் போயிரலாம்தான். மத்தியானம் வரைக்கும் கேப்பாங்க. எனக்குத் தெரியாதா? ஆனா வெளிய வந்தவன் தானாத் திரும்பி உள்ள போனா, அது வெளிநடப்பாங்க? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்க? இந்தக் கொள்கையை உட்டுட்டா அப்பறம் எங்கிட்ட என்னதான் இருக்குது, சொல்லுங்க.

ஏறுங்க, ஏறுங்க. படியில பாத்து. ஏனுங்க தம்பி, ஒண்ணு சொல்லட்டுங்களா? கலெக்டர் ஆபீசு வழியாத்தானே போவீங்க? வாசல்ல பொம்பளைங்க கூட்டமா நிப்பாங்க. அதுல பச்சைச் சேலை, நெத்தியில பெரிய பொட்டு, அவதான் துளசிமணி. கூப்படச் சொன்னேன்னு சொல்லீராதீங்க, ஆமா. நான் அப்படிச் சொல்லல. சும்மா, அவரு அந்தப் பிரிவுலயேதான் நிக்கறாருன்னு மட்டும் சொல்லுங்க.